பொரியில் போன எழுத்துகள்

பெண் பார்க்க வரும் நாளில் எந்தக் கேள்விக்கும் அவசரப்பட்டுத் தலையாட்டிவிடக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காபித் தம்ளரை எந்தக் கையால் நீட்டுவது, எவ்வளவு நேரம் தரையைப் பார்ப்பது என்றெல்லாம் என் அம்மா ஒத்திகை பார்த்தாள். தலையை மட்டும் என் பொறுப்பில் விட்டுவிட்டாள்.

அன்றைக்கு என் வருங்கால மாமனார் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை பார்க்குதுன்னு சொன்னாங்க. பழைய கம்ப்யூட்டரெல்லாம் ரிப்பேர் பண்ணத் தெரியுமாம்மா?"

நான் தலையாட்டினேன். (சமைக்கத் தெரியுமா என்று கேட்பார் என நினைத்து, முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்த தலையாட்டல் அது. கேள்வி மாறிப்போனது தலைக்குத் தெரியவில்லை.) அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை தொடாமல் வைத்திருந்த பஜ்ஜியை எடுத்துக் கடித்தார். சம்பந்தம் அந்த பஜ்ஜியிலேயே முடிவாகிவிட்டது என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. அதைச் சரி செய்வது வேறொருவர் வேலை. அதாவது, குறை சொல்வதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கும் ஒருத்தியை மருமகளாக எடுக்கிறோம் என்பது மாப்பிள்ளை வீட்டார் ஊரான பொன்னமராவதியில் யாருக்கும் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

மாமாவின் கம்ப்யூட்டரைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது வாங்கியது. மற்றவர்கள் டேப்ரிக்கார்டரும் தைல பாட்டிலுமாக ஊர் திரும்பிய காலத்தில், இவர் இதை மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தாராம். பார்ப்பதற்கு ஒரு தடித்த கீபோர்டு மட்டும்தான். முழு இயந்திரமும் அதற்குள்ளேயே அடக்கம். வயரைப் பழைய டப்பா டிவியில் செருகினால் திரையில் எழுத்து வரும். அணைத்தால் அடித்ததெல்லாம் போய்விடும். சேமித்து வைக்க ஒரு கேசட் பெட்டி இருந்திருக்கிறது. அது எப்போதோ நாடாவைத் தின்றுவிட்டு ஓய்ந்துபோனது.

அதனால் ஒவ்வொரு விஜயதசமிக்கும் மாமா ஒரு காரியம் செய்வார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தான் எழுதிய புரோகிராமை மனப்பாடமாக முதலிலிருந்து அடிப்பார். அடித்து முடித்ததும் டிவியில் ஒரு கோலம், கோடு கோடாகத் தானே போட்டுக்கொண்டு வரும். தெருவே வந்து கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே, "வலப்பக்கம் ஒரு புள்ளி தள்ளிருச்சே" என்று பெண்கள் குறை சொல்வார்கள். அதைக் கேட்பதில்தான் மாமாவுக்கு அந்த வருஷத்தின் பெரிய சந்தோஷம்.

நான் மருமகளாகப் போவதற்கு முந்தைய விஜயதசமியில் கோலம் வரவில்லை. பாதிக் கட்டைகள் அமுக்கினால் எழுந்திருக்கவே மாட்டேன் என்றனவாம். எழுந்தவை எழுத்தைத் திரைக்கு அனுப்பவில்லை. தெரு ஜனம் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு குறைகூடச் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறது. "அன்னிக்குப் பூரா எங்கப்பா வேட்டியக்கூட மாத்தல" என்று என் கணவர் செந்தில் சொன்னார். பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜியை மறந்துவிட்டு அந்தக் கேள்வியை ஏன் கேட்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எலக்ட்ரீஷியனாக இருந்த மனிதர் இதைத் தானே ஏன் திறந்து பார்க்கவில்லை என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை. கேட்டிருந்தால் கண் சரியில்லை என்று சொல்லியிருப்பார். (தினமும் பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் படிப்பவர்.)

தலைக்கு வந்த வேலை, பூஜை லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, சரஸ்வதி பூஜையன்று காலையில் கைக்கு வந்தது. மாமா அலமாரியிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"இந்தாம்மா. நான் பொரியும் வாழைக்கன்னும் வாங்கிட்டு வாரேன். நீ நிதானமாப் பாரு. நாளைக்குத்தானே வேணும்."

அவர் தலை மறைந்ததும் செல்போனில் வீடியோ தேடினேன். எந்த நாட்டிலோ ஒரு தாடிக்காரர் இதே மாதிரி ஒரு இயந்திரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் செய்ததை நானும் செய்தேன். கரண்டிக் காம்பை நுழைத்து முதல் கட்டையை நெம்பியதும் மூடி கழன்றது. அடியிலிருந்த ஸ்பிரிங் பறந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனது. தாடிக்காரர் வீட்டில் ஸ்பிரிங் பறக்கவில்லை.

கட்டைகளையெல்லாம் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தேன். உள்ளே சந்தனம் இருந்தது. கொஞ்ச நஞ்சமில்லை. காய்ந்து, வெடித்து, மேலே குங்குமம் படிந்து, அதற்கு மேல் மறுபடி சந்தனம். நடுவில் அட்சதை அரிசி, சாமந்தி இதழ். கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்து இறங்கிய சந்தனம் அடித்தகட்டின் மேல் ஒரு மெழுகு மெழுகியிருந்தது. எழுத்து எப்படி மேலே வரும்?

யார் வேலை என்று யோசிக்கத் தேவையில்லை. என் மாமியாருக்கு சரஸ்வதி பூஜை என்றால் சந்தனக் கிண்ணம்தான். மிக்ஸி, தையல் மிஷின், கேஸ் அடுப்பு, செந்திலின் பைக், கரண்ட் மீட்டர் என்று எதையும் விடமாட்டார். அவற்றுக்கெல்லாம் ஒரு பொட்டு. வீட்டுக்காரர் உயிராக வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்பதால் இதற்கு மட்டும் கட்டைக்கு ஒரு பொட்டு, தாராளமாக, அன்போடு, வருஷா வருஷம்.

எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்டேன். என் வேலை முடிந்தது. சொல்வதற்குத்தான் தைரியம் இல்லை. புது மருமகள் வாயைத் திறந்து, "அத்தை, மாமாவோட கம்ப்யூட்டரைக் கெடுத்தது நீங்கதான்" என்று சொன்னால் அந்த வீட்டில் பிறகு என்ன மிஞ்சும்? பூஜை வேலையாக அந்தப் பக்கம் வந்த அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆத்தா கோளாறு?"

"தூசி அத்தை."

"நல்லா இருக்கே. நான் வருசா வருசம் தொடைச்சுப் பொட்டு வச்சுத்தானே உள்ள வைக்கிறேன். எங்கிட்டிருந்து வருது தூசி?"

நான் தலையாட்டினேன். அடித்தகட்டை, ஊசி போடும் முன் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது. கட்டை மூடிகளை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, மொட்டை மாடியில் முறத்தில் பரப்பிக் காயவைத்தேன். கருப்பும் இல்லாமல் காவியும் இல்லாமல் நல்ல வெல்ல நிறம். அதை அப்போது ரசித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாட்டி முடிப்பதற்குள் நல்ல நேரம் வந்துவிட்டது. "கழண்டு கெடந்தா என்ன, அப்படியே கொண்டா. சாமி கோவிச்சுக்காது" என்றார் அத்தை. ஸ்பிரிங்குகளை ஒரு தம்ளரிலும், மூடிகளை ஒரு எவர்சில்வர் தட்டிலும் போட்டு, திறந்த கம்ப்யூட்டரோடு சாமி முன்னால் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு அதன் திறந்த வயிற்றை நோக்கிக் குனிந்துகொண்டிருக்கிறார்.

"அத்தை, ஈரமா இருக்கு" என்று பாய்ந்து, கையில் கிடைத்த புதுத் துண்டை அதன் மேல் விரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, துண்டின் மேல் பொட்டு வைத்தார். என் முதல் வெற்றி அது. கடைசியும் அதுதான்.

எங்கள் பக்கம் பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. புத்தகத்தைப் படிக்கக் கூடாது, கத்தியால் நறுக்கக் கூடாது. (சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்த தெய்வக் கட்டளை.) அதனால் காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று நான் நிம்மதியாக சமையலறைக்குப் போனேன். மாமா கோயிலுக்குக் கிளம்பினார். தீபாராதனை ஆனதும் பொரியைக் கலந்து தெருவுக்குக் கொடுக்கும் வேலை செந்திலுக்கு. இது அந்த வீட்டு வழக்கம்.

பொரி கொடுத்துவிட்டு செந்திலும் அத்தையும் திரும்பி வந்தார்கள். நான் காபி போட அலமாரியைத் திறந்தேன். உள்ளே அச்சு வெல்லம் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

"ஏங்க, பொரிக்கு வெல்லம் போடலையா?"

"போட்டேனே. நீ அழகா உடைச்சு சாமிகிட்ட தட்டுல வச்சிருந்தியே, அதான்."

பூஜை அறைக்கு ஓடினேன். எவர்சில்வர் தட்டு கழுவிக் கவிழ்த்தது போல் காலியாக இருந்தது. அண்டாவில் மிச்சமிருந்த பொரியைக் கையால் துழாவினேன். கொஞ்சம் கட்டைகள் கிடைத்தன. நீளமான ஸ்பேஸ் பார் குறுக்கே கிடந்தது. "தேங்காக் கீத்துன்னு நினைச்சேன்" என்றார் செந்தில். கற்பூரப் புகைக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாராம். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னடா ஆகும்? போன வருசமே மனுசன் பாதியாப் போனாரு."

மாமா கோயிலிலிருந்து வருவதற்குள் வசூல் செய்தாக வேண்டும். சொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, கல்யாணப் புடவை வாசம் போகாத புது மருமகள் நான், கொடுத்த பிரசாதத்தைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகக் கிளம்பினேன். பின்னால் செந்தில், கட்டியவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போலப் பத்தடி தள்ளி வந்தார்.

முதல் வீட்டில் ராமையா ஐயா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈசி சேரில் சாய்ந்து, ஒரு கன்னம் உப்பியிருக்க, கண்ணை மூடி எதையோ சப்பிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பொரி சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், வா ஆத்தா. ஒங்க வீட்டு வெல்லம் நல்ல பாகு போல. எவ்வளவு நேரமா ஒதுக்கி வச்சிருக்கேன், கரைய மாட்டேங்குது. கடிக்கலாம்னா பல்லுசெட்டு புதுசு."

"துப்பிருங்க ஐயா."

"பிரசாதத்த எப்படி ஆத்தா துப்புறது?"

"அது வெல்லமில்ல ஐயா. கம்ப்யூட்டர்."

அவர் வாயிலிருந்து எட்டாம் எண்ணை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபப்படவில்லை. "அதான் இனிப்புக் கம்மியா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வீட்டு அம்மா, பொரியிலிருந்து வெல்லத்தை மட்டும் பொறுக்கி அதிரசத்துக்குப் பாகு வைக்க வாணலியில் போட்டிருந்தார். அடுப்புப் பற்றவைக்க லைட்டரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் போய் நின்றேன். அந்த லைட்டரை ஒளித்து வைத்த தெய்வம் எதுவோ, அதற்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் மாட்டுக்கு வைத்திருந்தார்கள். மாடு எங்களைவிட விவரமானது. பொரியைத் தின்றுவிட்டு கட்டைகளைத் தொட்டியிலேயே ஒதுக்கியிருந்தது.

சொம்பு நிறைந்தது. செல்போனில் கீபோர்டு படத்தை வைத்து வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, எம் என்ற எழுத்தைத் தவிர.

ஒரு எழுத்துதானே, அது இல்லாமல் கோலம் வராதா என்று செந்தில் கேட்டார். வராது. மூடி இல்லாவிட்டால் ஸ்பிரிங் நிற்காது. ஸ்பிரிங் நிற்காவிட்டால் அந்தக் கட்டை அமுங்கியே கிடக்கும். திரை முழுக்க எம் எம் எம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே தப்பு வரும் என்று சொல்வதில் நான் கெட்டிக்காரி.

எம் கடைசி வீட்டில் இருந்தது. அங்கே செல்வி அக்கா, மறுநாள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகும் தன் மகளுக்குப் புதுப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தார். மகள் பெயர் மகிழினி. விஷயத்தை நான் சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறியது.

"அது ஒங்க வீட்டுதா? நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நாளைக்குப் புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறோம், இன்னிக்கு பிரசாதத்துல அவ பேரோட மொத எழுத்து வருது. சரஸ்வதியே குடுத்துவிட்ட மாதிரி இருந்துச்சு. கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

எட்டிப் பார்த்தேன். அவர்கள் வீட்டு சாமி மாடத்தில், புது சிலேட்டின் நடுவில், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்தியோடு வீற்றிருந்தது எம்.

"அக்கா, குடுத்தீங்கன்னா..."

"தர மாட்டேன்னு சொல்லல. சாமிகிட்ட வச்சாச்சு. மறுபூஜைக்கு முன்னாடி எடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

எடுக்கக் கூடாத ஒரு தட்டை எடுத்த குடும்பத்திலிருந்து வந்தவள் நான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

விஜயதசமி காலையில் மறுபூஜை ஆன கையோடு கட்டைகளை மாட்டினேன். பறந்த ஸ்பிரிங்கை அத்தை விளக்குமாற்றால் ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து மீட்டுக் கொடுத்தார். கடைசி வரிசையில் ஒரு ஓட்டை மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி தெரிந்தது. தெரு ஜனம் வந்து கூடத்தில் உட்கார்ந்தது. ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டில் கிடைத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கீபோர்டில் தேடினார்கள். மாமாவுக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது. வெள்ளை வேட்டியோடு வந்து உட்கார்ந்தார். விரல் அந்த ஓட்டையில் நின்றது.

"எம் எங்கம்மா?"

அழுதுவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

"பொரியில போயிருச்சு மாமா."

அவர் செந்திலைப் பார்த்தார். செந்தில் மேலே ஃபேனைப் பார்த்தார். அந்த நேரத்தில் வாசலில் செல்வி அக்காவின் குரல் கேட்டது. ஈரத்தலையோடு மகிழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் தாம்பாளம் ஏந்தி வந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் எம்.

"மாமா, இந்த எழுத்து ஒங்களோடதாம். எடுத்துக்கங்க. ஆனா இவ மொதல்ல அமுக்கட்டும். அரிசியில அ எழுதியாச்சு, இது அவ பேரு."

மாமாவுக்கு அரைகுறையாகத்தான் புரிந்திருக்கும். ஆனாலும் எம்மை எடுத்து, மஞ்சளை வேட்டி நுனியால் துடைத்து, ஸ்பிரிங்கை வைத்து, டக்கென்று மாட்டினார். கண் சரியில்லாத மனிதர் மாட்டிய மாதிரி இல்லை. குழந்தையை மடியில் உட்கார்த்தி விரலைப் பிடித்து அமுக்கினார். டிவியில் ஒரே ஒரு எம் வந்தது. ஒன்றே ஒன்று. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

பிறகு அவர் அடித்தார். ஒவ்வொரு கட்டையும் அமுங்கியது, எழுந்தது. கோலம் கோடு கோடாக வந்தது. கடைசிக் கோடு சேர்ந்ததும் ராமையா ஐயா, "அந்த எட்டு என் வாயில இருந்தது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதற்குப் பிறகு கதை முழுக்க வெளியே வந்துவிட்டது. மாமா சிரித்ததில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. "வலப்பக்கம் புள்ளி தள்ளிருச்சே" என்று யாரோ சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காக இன்னும் நாலு தெருவில் சொம்பு ஏந்தலாம்.

அத்தைக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உள்ளே போய் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "திருஷ்டி பட்டிருக்கும், ஒரு பொட்டு..."

"வேணாம்" என்று இரண்டு குரல் கேட்டது. ஒன்று என்னுடையது. இன்னொன்று மாமாவுடையது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கூட்டம் கலைந்ததும் மாமா என் பக்கம் குனிந்து, "உள்ள சந்தனந்தானே?" என்றார்.

"தெரியுமா மாமா?"

"எலக்ட்ரீஷியன்மா நான். தெரியாமயா இருக்கும்? திறந்தா என்ன கோளாறுன்னு அவ கேப்பா. எனக்குப் பொய் சொல்ல வராது. அவ அம்புட்டு ஆசையா வைக்கிற பொட்ட நான் எப்படி வேணாம்ங்கிறது? இன்னிக்குத்தான் வாய் தவறி வந்துருச்சு. அதான் ஒன்னையக் கேட்டேன். நீ என்னன்னு சொன்ன?"

"தூசின்னு சொன்னேன்."

"நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டு, அத்தை வைத்திருந்த சுண்டலில் ஒரு கை எடுத்து என் தட்டில் போட்டார். இத்தனை நாள் ரிப்பேர் தெரியாமல் தலையாட்டிய என் குற்ற உணர்ச்சி அந்தச் சுண்டலோடு போனது. அவருக்குத் தேவைப்பட்டது மெக்கானிக் இல்லை, பொய் சொல்ல ஒரு ஆள்.

இப்போது கம்ப்யூட்டருக்குக் கண்ணாடி மூடி போட்டாயிற்று. "தூசி வராம இருக்க" என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறோம். அவர் மூடி மேல் ஆசை தீரப் பொட்டு வைக்கிறார். மகிழினி ஒவ்வொரு விஜயதசமிக்கும் முதல் எம்மை அமுக்க உரிமையோடு வந்துவிடுகிறாள். செந்திலுக்குப் பொரி கலக்கும் வேலையிலிருந்து நிரந்தர விடுதலை.

பொரி கொடுக்கும் வேலை என்னுடையது. ராமையா ஐயா வீட்டு வாசலில் நின்றால், பொட்டலத்தை வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். தெருவே காது கொடுத்து நிற்கும்.

"இந்த வருசம் கரையுமா ஆத்தா?"

நான் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டலை இந்தத் தெருவில் ஒருவரும் நம்புவதில்லை.